சாமுராய்களின் சேமக்காலை

அந்தக் கல் என் இடுப்பளவு உயரம்கூட இல்லை. தலையில் பச்சைப் பாசி, முகத்தில் மழை தின்ற எழுத்துகள், அடியில் ஈரமான இலைகள். யப்பானில் ஒரு சிறிய ஊர், மலைச்சரிவில் ஒரு பழைய புத்த கோயில், அதன் பின்புறத்தில் சாமுராய்கள் என்று சொல்லப்படும் வாள்வீரர்களின் கல்லறைகள். நானூறு ஆண்டுகளுக்கு முன் செத்த ஒருவனுடைய கல்லுக்கு முன்னால் நான் நின்றேன். வந்திருந்த மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வலது உள்ளங்கையை அந்தக் கல்லின் தோளில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். கல் ஆடியது.

“ஹெர்ரெகுட், அப்பா! என்ன செய்யுறீங்கள்?” என்று பின்னாலிருந்து என் மகள் கத்தினாள். ஒஸ்லோவில் பிறந்தவள். பயந்தால் அவளுக்குக் கடவுளைக்கூட நோர்வேஜிய மொழியில்தான் கூப்பிட வரும்.

என்ன செய்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒஸ்லோவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். குளிர்காலம் முழுவதும் நிலத்துக்குள் இறங்கி இறுகிக் கிடக்கும் உறைபனி, வசந்தத்தில் இளகும்போது கற்களின் அடியை அசைத்துவிட்டுப் போகும். அதனால் பனி போனதும் நாங்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லையும் கையால் தள்ளிப் பார்ப்போம். ஆடுகிற கல்லைப் புல்லில் படுக்கவைத்து, உறவினருக்கு ஓர் அறிவித்தல் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவோம். பாரமான கல் யார்மேலாவது விழுந்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. எத்தனை ஆயிரம் தரம் தள்ளியிருப்பேனோ தெரியாது. ஒரு கல்லறைக் கல்லைக் கண்டால் என் கை தானாக எழும். “கோயில் கதவைத் தள்ளுற மாதிரித் தள்ளடா, பொலிஸ்காரன் வந்து வீட்டுக் கதவைத் தள்ளுற மாதிரியில்லை” என்று அண்ணை சொல்வார். நான் யப்பானுக்குப் போனதும், அந்த மலைக்கு ஏறினதும் அண்ணைக்காகத்தான்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. என்னோடு வேலை செய்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர் அவருடையது. நான் தீவுப் பகுதியான். இருவரும் கத்தோலிக்கர். எங்கள் தோட்டத்தில் தமிழர் நாங்கள் இரண்டே பேர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நோர்வேஜிய மொழி வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால் காது சிவக்கும், வாய் திறக்காது. வேலையிலும் அப்படித்தான். இடைவேளையில் எல்லோரும் கோப்பி குடிக்கும் அறையில் நான் யன்னல் பக்கம் பார்த்தபடி இருப்பேன். “டேய் தீவான், உன்ரை வாயை ஆரும் தைச்சுவிட்டவங்களோ?” என்று அண்ணை எல்லோருக்கும் கேட்கத் தமிழில் கத்துவார். பிறகு அதையே நோர்வேஜிய மொழியில் சொல்லி அவர்களையும் சிரிக்க வைப்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த அறையில் என்னை நோக்கி வந்த பேச்சு அது ஒன்றுதான்.

நோர்வேயில் ஒருவரைப் புதைத்தால் இருபது வருடங்களுக்கு அந்த நிலம் அவருடையது. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் உறவினர் கேட்டு எழுதவேண்டும். கேட்க ஆளில்லாத கல்லில் முதலில் அறிவித்தல் ஒட்டிக் காத்திருப்போம். ஒருவரும் வராவிட்டால், இலையுதிர் காலத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். நாங்கள் இயந்திரம் கொண்டுபோய் அந்தக் கல்லைத் தூக்கி எடுத்து, மண்ணை மட்டமாக்கிப் புல் விதைப்போம். அந்த வேலையில் அண்ணைக்கு ஒரு பழக்கம் இருந்தது. கயிறு போட முன்பு தொப்பியைக் கழற்றிவிட்டு, கல்லில் உள்ள பெயரையும் பிறந்த, இறந்த வருடங்களையும் உரத்து வாசிப்பார். நோர்வேஜியப் பெயர்கள் அவர் வாயில் நொறுங்கும். தொடக்கத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். “பேரைக் கடைசியா ஒருக்கா ஆரும் சொல்லோணும். சொல்லாமல் தூக்கினால் அது களவு” என்றார் என்னிடம். சில வருடங்கள் போன பிறகு, இயந்திரம் ஓட்டுகிற நோர்வேஜியரே, “வாசித்தாயிற்றா?” என்று கேட்டுவிட்டுத்தான் நெம்புகோலைத் தொடுவார்.

அண்ணை தனி ஆள். கலியாணம் செய்து இரண்டாம் வருடம் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். ஊர்ச் சேமக்காலையில் அவரைப் புதைத்து, தானே பலகை அடித்துச் சிமெந்து ஊற்றி ஒரு சிலுவை செய்து நட்டிருந்தார். எங்கள் கத்தோலிக்கச் சனம் கல்லறை நிலத்தைச் சேமக்காலை என்றுதான் சொல்லும். பிறகு சண்டை வந்தது. ஊர் எழும்பி ஓடியது. அண்ணை நோர்வேக்கு வந்தார். ஊர்ச் சனம் மன்னாருக்கும் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் சிதறியது. நிலம் படையினரின் முட்கம்பி வேலிக்குள் போய், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. அண்ணை திரும்பக் கலியாணம் செய்யவில்லை. மனைவியைப் பற்றிக் கதைக்கும்போது இறந்தவரைப் பற்றிக் கதைப்பது போலக் கதைக்கமாட்டார். “வீட்டுக்காரி கடற்கரைப் பக்கமாப் படுத்திருக்கிறா. காத்து நல்லா வரும்” என்பார்.

எட்டு வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் என்று நான் ஊருக்குப் போனேன். வேலி பின்வாங்கி, அண்ணையின் ஊரில் ஒரு பகுதியை விட்டிருந்த நேரம். அண்ணைக்கு அப்போதே இடுப்பு எலும்பு தேய்ந்து அதிகம் நடக்க முடியாது. “தம்பி, உனக்குப் புண்ணியம். ஒரு மெழுகுதிரி கொளுத்து. ஒரு படம் எடுத்துக்கொண்டு வா. வேறை ஒண்டும் வேண்டாம்” என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

போனேன். சேமக்காலை இருந்த இடத்தில் ஒரு சிலுவையும் நிற்கவில்லை. கற்களைப் பெயர்த்துக் காவலரணுக்கு அணையாக அடுக்கியிருந்தார்கள். சிலதை உடைத்துப் பாதைக்குக் கொட்டியிருந்தார்கள். மற்றதெல்லாம் பற்றை. வேலைப் பழக்கத்தில் நிலத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலடி வைத்து அளந்து பார்த்தேன். பிறகு வெயிலில் சும்மா நின்றேன். பேருந்தில் திரும்பி வரும் வழியில் வேறொரு தேவாலயப் பங்கின் சேமக்காலை வந்தது. இறங்கினேன். வெள்ளை அடித்த ஒரு சிமெந்துச் சிலுவை, பெயர் மங்கிப்போய், வாசலுக்குப் பக்கத்தில் நின்றது. அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திப் படம் எடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவரைத் துக்கப்படுத்தக் கூடாது என்பது ஒரு காரணம்தான். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. கண்டதைச் சொல்வதென்றால் நிறையக் கதைக்கவேண்டும், கதைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும். படமென்றால் கையை நீட்டிக் கொடுத்துவிடலாம். வாய் பேசாதவன் பொய் சொல்லமாட்டான் என்று சனம் நினைக்கிறது. நான் ஒரு சொல்லும் சொல்லாமலே பொய்யைக் கொடுத்து முடித்தேன்.

அண்ணை அதை வெகுநேரம் பார்த்தார். “கடல் தெரியேல்லையே?” என்றார். கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தேன் என்றேன். “வெள்ளை ஆர் அடிச்சது?” திரும்பி வந்த பங்குச் சனம் என்றேன். “நல்ல சனம்” என்றார். அடுத்த கிழமை அந்தப் படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு வருடமும் நவம்பரில், இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி ஜெபமாலை சொல்வார். நானும் பக்கத்தில் முழங்காலில் இருந்து, யாரோ ஒருவருடைய கல்லறையைப் பார்த்து, “நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்” என்று ஏழு வருடம் பதில் சொன்னேன்.

இப்போது அண்ணை ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் ஓர் அறையில் இருக்கிறார். நடக்க நான்கு சில்லுத் தள்ளுவண்டி. ஞாயிறு பூசை முடிந்ததும் நிலக்கீழ் ரயிலில் ஏறி அவரிடம் போவது என் வழக்கம். எனக்கும் போக வேறு இடமில்லை. மனைவி பிரிந்துபோய்த் திராமன் என்ற ஊரில் இருக்கிறாள். மகள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வருடப் படிப்புக்கு யப்பான் போய்விட்டாள். அவள் என்னை அங்கே வரச்சொல்லிக் கேட்டதும், போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணை விடவில்லை. நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே அகதி முகாமில் இருந்த காலத்தில் வாள்சண்டைப் படங்களை வீடியோவில் பார்த்துப் பார்த்து, சாமுராய் என்றால் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி.

“போடா. போய் அவங்கடை சேமக்காலையைப் பாத்திட்டு வா. நாங்கள் இஞ்சை இருவது வருசத்திலை கல்லைக் கழட்டுறம். அவங்கள் நானூறு வருசமா வச்சிருக்கிறாங்களாம். எப்பிடி எண்டு கேட்டுக்கொண்டு வா.”

“அது புத்த கோயில் அண்ணை.”

“அதுக்கென்ன? போக முந்தியும் வந்தாப் பிறகும் பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்.”

அவர் பகிடியாகச் சொன்னாலும் கோயில் வாசலில் என் கால் நின்றது உண்மை. சண்டைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் புத்தர் சிலை இருக்கிற இடத்தில் ஒரு காவலரணும் இருக்கும். அண்ணையின் ஊரில் படையினர் தங்களுக்கென்று கட்டிய சிறிய விகாரை, வேலி விலகிய பிறகும் வெள்ளை வெளேரென்று நின்றது. நான் அதற்கு முன் கடைசியாகப் பார்த்த புத்தர் அவர்தான். இந்த மலைக்கோயிலில் காவலரண் இல்லை. வாசலில் தும்புத்தடியோடு ஒரு பெண், இறப்பர்ச் சப்பாத்தும் வேலைக் கையுறையும் போட்டு, இலை கூட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கோயில் குருவின் மனைவி என்றாள் மகள். அங்கே குருமார் கலியாணம் செய்வார்களாம்.

நான் கல்லைத் தள்ளியதை அந்த அம்மா கண்டுவிட்டார். தும்புத்தடியோடு வேகமாக வந்தார். எனக்குக் காது சிவந்தது. மகள் தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு, அப்பா ஒஸ்லோவில் கல்லறைத் தோட்டத்தில் வேலை, இது அவருடைய கைப்பழக்கம் என்று தனக்குத் தெரிந்த யப்பானிய மொழியில் சொல்லி முடித்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு தானும் ஒரு கையை அந்தக் கல்லில் வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய மர ஆப்பை எடுத்து அடியில் செருகினார். கல் நின்றது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். “வேலைக்கு ஆள் தேவையாம் அப்பா. நாளைக்கு ஏழு மணிக்கு வரட்டாம்” என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்க்க வந்தவர்களாக நடத்தவில்லை. கூட்டிக்கொண்டு போய் வேலையைக் காட்டினார். நடுவில் பெரிய கல் அந்த வீரர்களின் தலைவனான பிரபுவுடையது. சுற்றிலும் முழங்காலளவு கற்கள் அவனோடு செத்தவர்களுடையவை. ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து துண்டுகள் அடுக்கிய கற்கள் சில கோணலாக நின்றன. நிலநடுக்கத்தில் விழுந்தபோது எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று தெரியாமல் மாற்றி அடுக்கப்பட்டவையாம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பச்சை இலைக்கொத்து. யார் வைக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். அவர்தான் வைக்கிறாராம், கிழமைக்கு ஒருமுறை.

“தோத்த பக்கமாம் அப்பா இவை” என்றாள் மகள்.

“தோத்த ஆக்களுக்குக் கல்லு வைக்க விட்டவங்களோ? கேள்.”

கேட்டாள். “முதல்லை விடேல்லையாம். கனகாலத்துக்குப் பிறகுதானாம்.”

நான் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இருபத்தாறு வருடமாக இறந்தவர்கள் நடுவில் நின்று கூலி வாங்குகிறவனுக்குக் கல்லறை பார்த்து அழுகை வருவதில்லை. ஆனால் அன்று அந்தச் சரிவில், மழை விழ மனமில்லாமல் நின்ற காலையில், என் மகளோடு இருக்கும்போதே என்னைப் போல் தனித்தவன் ஒருவனும் இல்லை என்று தோன்றியது. நான் அறிந்ததை அறிந்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு பொய்யோடு ஒருவன் இருக்கிற இடம் அப்படிப்பட்டது.

அண்ணையின் கேள்வியைக் கேட்டேன். எப்படி நானூறு வருடம் வைத்திருக்கிறீர்கள்? அந்த அம்மா தலையை ஆட்டினார். சாமுராய்களின் கற்களை ஊர் காக்கிறது, அதனால் நிற்கின்றன. மற்றச் சனத்தின் கற்கள் அப்படியல்ல என்றார். உறவினர் வராவிட்டால் அறிவித்தல் வைப்பார்கள், காத்திருப்பார்கள், பிறகு கழற்றுவார்கள். எங்களைப் போலத்தான். கோயிலின் வடக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நூற்றுக்கணக்கான சிறிய கற்களைப் படிப்படியாக அடுக்கி ஒரு குவியல், என்னைவிட இரண்டு மடங்கு உயரம். ஆளில்லாத கற்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்னால் ஒரே ஒரு இலைக்கொத்து.

“இதுகளைத் தேடி ஆரும் வாறதோ?” என்றேன்.

வருவார்களாம். சில வருடங்களுக்கு முன் ஒரு முதியவர் கடல் கடந்து எங்கேயோ தூரத்திலிருந்து வந்திருக்கிறார். தன் பாட்டனின் தகப்பனுடைய கல் எது என்று கேட்டிருக்கிறார். இந்தக் குவியலில்தான் இருக்கிறது, எதுவென்று யாருக்கும் தெரியாது. மனிதர் நின்று அழுதாராம். “இவவுக்குப் பாவமாப் போச்சாம் அப்பா. ஏதோ ஒரு கல்லைக் காட்டி இதுதான் எண்டு சொல்லியிருக்கலாமாம். அவருக்குச் சந்தோசமா இருந்திருக்குமாம். ஆனால் சொல்லேல்லையாம்.”

“ஏனாம்?”

மகள் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சொல் தேடினாள். “அவர் அவ்வளவு தூரம் வந்தது தன்ரை ஆளிட்டையாம். வேறை ஆரிட்டையோ அனுப்பிவிட இவவுக்கு உரிமை இல்லையாம்.”

நான் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். “குளிருதோ அப்பா?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, ஒக்ரோபர் கடைசி ஞாயிறு ரொம்சோஸுக்குப் போனேன். ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. மேசையில் புது மெழுகுதிரிப் பெட்டி. அண்ணை யன்னலோரம் காத்திருந்தார். சாமுராய்க் கதை எல்லாம் கேட்டார். கல்லைத் தள்ளியதைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நானூறு வருசம் நிண்டவனை ஒரு தீவான் வந்து தள்ளி விழுத்தப் பாத்திருக்கிறான்!” ஆளில்லாத கற்களின் குவியலைச் சொன்னேன். “அப்ப அவங்களும் எங்களை மாதிரித்தான்” என்று கொஞ்சம் ஏமாந்த குரலில் சொன்னார். கடல் கடந்து வந்த முதியவரைச் சொன்னேன். அதோடு நிற்கலாம் என்றுதான் என் நாக்கு பார்த்தது. நான் எழும்பி நின்று, சுவரிலிருந்த படத்தைக் காட்டி, “அண்ணை, அது அவவின்ரை இல்லை” என்றேன்.

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நான் சொன்னது மொத்தம் நாலு வசனம் இருக்காது. அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப இது ஆரடா?”

“தெரியாது அண்ணை.”

“எட்டு வருசம்” என்றார். “நான் இந்த ஆளோடை எல்லாம் கதைச்சனான். எங்களுக்குள்ளை உள்ள கதையெல்லாம் கதைச்சனான்.” பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “போ.”

அந்த நவம்பரில் எங்கள் தோட்டம் முழுவதும் வழக்கம்போல் கல்லறை விளக்குகள் எரிந்தன. பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டி, பனிமேல் ஆயிரக்கணக்கான சுடர்கள். நான் எரிந்து முடிந்த விளக்குக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வரிசைகளுக்கிடையே நடந்தேன். மூன்று ஞாயிறு ரொம்சோஸுக்குப் போனேன். மூன்று தரமும் தாதி வந்து, அவர் நித்திரை என்றாள். மத்தியானம் ஒரு மணிக்கு அண்ணை நித்திரை கொள்கிறவர் அல்ல. வாசலில் இருந்த கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். என்னோடு கதைக்க இந்த நகரத்தில் இருந்த ஒரே மனிதரையும் நானே இழந்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு, ரயிலில் தரிப்பிடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டபடி வருவேன்.

நான்காம் ஞாயிறு அவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அறை வாசலிலேயே நின்றார். படம் சுவரில் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தார். “கழட்டேல்லை. பாவம், ஆரோ” என்றார். பிறகு, “இப்ப நீ கண்டதைச் சொல்லு. ரோட்டிலை இருந்து துடங்கு. ஒண்டையும் விடாதை.”

சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததில்லை. பாதை வளைவில் உடைந்த மதகு. அதற்கு அந்தப் பக்கம் காவலரண், அணையாக அடுக்கிய சிலுவைகள், அவற்றில் பெயர் தெரிந்தவை இரண்டு. அந்தப் பெயர்களைக் கேட்டார். ஒன்று அவருடைய மாமன். விகாரையைச் சொன்னேன். “ம்” என்றார். பற்றைக்குள் வட்டக் கட்டுக் கிணறு ஒன்று இருந்தது என்றதும் நிமிர்ந்தார்.

“கிணறு நிக்குதோ? கட்டு உடையேல்லையோ?”

“ஒரு பக்கம் மட்டும் உடைஞ்சிருக்கு. கடல் பக்கம்.”

“மதகிலை இருந்து கிணத்துக்கு எவ்வளவு தூரம்?”

“நாப்பத்திரண்டு காலடி.”

“உன்ரை காலடியோ? நீ கட்டையனெல்லோ.” யோசித்தார். வண்டியைத் திருப்பினார். “வா வெளியிலை. நடந்து காட்டு.”

பராமரிப்பு இல்லத்தின் அந்த நடைவழி நீளமானது. சாம்பல் நிறத் தரை, இரு பக்கமும் கதவுகள், கதவுகளில் கிறிஸ்மசுக்கான சிவப்பு ரிப்பன்கள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அண்ணை தன் அறை வாசலை மதகு என்றார். நான் வெட்கத்தோடு நடந்தேன். ஒரு கிழவி கதவைத் திறந்து பார்த்தாள். நாற்பத்திரண்டாவது அடியில் நின்றேன். உணவு அறை வாசல். “அது கிணறு” என்றார் பின்னாலிருந்து. “அவவை வச்சது கிணத்திலை இருந்து கடல் பக்கமா. நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக் காலடி வச்சவை. நான் எண்ணினனான். அவங்கள் உயரமான ஆக்கள். உனக்கு இருவது எண்டு வை. அங்கை அந்த இடத்திலை நிலம் எப்பிடி? கிண்டியிருக்கோ?”

“இல்லை அண்ணை. கிண்டேல்லை. மேலை கல்லு மட்டும்தான் இல்லை. எருக்கலைப் பற்றை நிக்குது.”

“கிண்டேல்லை” என்று அவர் திரும்பச் சொன்னார். இன்னும் ஒரு தரம் சொன்னார்.

நான் இருபது அடி வைத்தேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, நின்று நின்று, என்னிடம் வந்து சேர்ந்தார். உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவுக்கும் மின்தூக்கிக்கும் இடையில் வெறும் தரை. என் கையைப் பிடித்து என்னை ஒரு பக்கமாக விலக்கினார், மிதிக்கக் கூடாத இடத்திலிருந்து விலக்குவது போல. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இயந்திரத்தில் உடுப்புகள் சுற்றும் சத்தம் கேட்டது.

அந்த வழியாக வந்த இளம் தாதி ஒருத்தி குனிந்து, வழி தவறிவிட்டீர்களா, அறைக்குக் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டாள். அண்ணை நிமிரவில்லை.

“இல்லைப் பிள்ளை” என்றார் நோர்வேஜிய மொழியில். “இப்பதான் வந்து சேர்ந்தனான்.”

நான் கொஞ்சம் தள்ளிப் போய், சுவரோரமாக நின்றேன்.